மகாராணித் தொப்பி

போன வாரம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சமையலில் உப்புக் கூடிவிட்டது என்பதற்காக, விருந்தாளிகள் முன்னால் பெரிய மருமகளின் தலையில் ரோஸ் நிற ஹெல்மெட்டை மாட்டிப் பரிமாற வைத்தான் அவள் புருஷன். விருந்தாளிகள் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தாள். சின்ன மருமகள் மட்டும் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்து அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள்.

அந்த ஹெல்மெட்டுக்குப் பெயர் மகாராணி.

பழைய கட்டடங்களை இடித்துத் தருவது அந்தக் குடும்பத்தின் தொழில். பெரியவன் முதலாளி. சின்னவன் மேற்பார்வை. சின்னவன் மனைவிக்கு ஸ்டோர் பொறுப்பு. வேலையில் தப்புச் செய்தவன் ஒரு நாள் முழுக்க மகாராணியை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும் என்பது பெரியவன் போட்ட சட்டம். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய ரோஸ் பெயிண்டை ஒரு பழைய வெள்ளை ஹெல்மெட்டில் பூசி, முன்பக்கம் இரண்டு கண்ணும் நீள நீளமான இமைமயிரும் தன் கையாலேயே வரைந்திருந்தான். வெயிலில் காய்ந்து காய்ந்து அந்தப் பெயிண்ட் இப்போது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தொட்டவர் நகத்துக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

நேற்று மாலை அந்தத் தண்டனை சின்னவனுக்கே வந்தது. ஹெல்மெட் இல்லாமல் வேலைக்கு வந்த ஒரு சித்தாள் பெண்ணுக்குத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவன் வெறுந்தலையோடு நின்றான். பெரியவன் கண்ணில் பட்டது வெறுந்தலை மட்டும்தான்.

"நாளைக்கு மகாராணி நீதான்டா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனான்.

*

விடியற்காலையில் சின்ன மருமகள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய மழைக்கோட்டு, பாதி வெட்டிய நிலையில் இருந்தது. அதுவும் ரோஸ் நிறம்தான். பளபளப்புக்கூட ஏறக்குறைய அதே பளபளப்பு.

"என்ன தைக்கிற?"

கதவருகே பெரிய மருமகள், பால் பாத்திரத்தோடு நின்றாள். மறைக்க நேரமில்லை. ஓரகத்தியிடம் எதையும் மறைக்கும் பழக்கமும் சின்னவளுக்கு இல்லை.

"உறை, அக்கா. நல்ல ஹெல்மெட் ஒண்ணுக்கு மேல போட்டு இழுத்துக் கட்டிட்டா, பார்க்க மகாராணி மாதிரியே இருக்கும். கண்ணை மார்க்கர்ல வரைஞ்சுடுவேன்."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"அதை இவர் தலையில வைக்க எனக்கு மனசு வரல. அந்தத் தொப்பி செத்துப்போச்சு அக்கா."

"தொப்பி எங்கேயாவது சாகுமா?"

"சாகும். ஒரு தடவை பலமா அடி வாங்கினா அவ்வளவுதான். வெளியில ஒரு கீறல்கூடத் தெரியாது, உள்ளே எல்லாம் விட்டுப் போயிருக்கும். நம்ம இரும்பு வெட்டற பாட்டுக்காரர் தலையில மேலேயிருந்து போல்ட் விழுந்துச்சே, அன்னிக்கு அவர் போட்டிருந்தது இதுதான். அவரைக் காப்பாத்தினதோட அதோட வேலை முடிஞ்சு போச்சு. அப்படிப்பட்டதை ரெண்டா அறுத்துப் போட்டுடணும், வேற யாரும் எடுத்து மாட்டிக்காம இருக்க. இங்க என்னடான்னா மேல பெயிண்ட் வேற. பெயிண்டும் தின்னரும் பிளாஸ்டிக்கைத் தின்னுடும். இப்ப அது வெறும் முட்டை ஓடு."

பெரிய மருமகள் பால் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்போ போன வாரம் என் தலையில இருந்தது முட்டை ஓடு."

"வீட்டுக்குள்ள என்னக்கா விழப் போகுது..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆமாமா. வீட்டுக்குள்ள ஒண்ணும் விழாது" என்றாள் பெரிய மருமகள். "எனக்கு யாரும் உறை தைக்கலையேன்னு பார்த்தேன். நீ அன்னிக்கு அடுக்களையில தண்ணி எடுத்துக்கிட்டு இருந்தே, இல்ல?"

சின்னவள் குனிந்து ஊசிக்கு நூல் கோத்தாள்.

"சரி, அசல் மகாராணியை என்ன பண்ணப் போறே?"

"ஸ்டோர்ல கயிற்றுச் சுருளுக்குப் பின்னால போட்டு வெச்சிடறேன். சாயங்காலம் எடுத்து ஆணியில மாட்டிடுவேன். அத்தான்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா."

"நான் எங்கே அவர்கிட்ட பேசறேன்? அவர் பேசறதைக் கேக்கறதுதான் என் வேலை."

அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. ஏதோ கொஞ்சம் பலமாகவே கேட்டது.

*

காலைச் சாப்பாட்டின்போது சின்ன மருமகள் கடைசியாக ஒருமுறை நேர்வழியில் முயன்று பார்த்தாள். உறை தைத்தாகிவிட்டது என்றாலும், ஏமாற்று வேலை இல்லாமல் காரியம் முடிந்தால் நல்லது என்று அவள் மனசு சொன்னது.

"அத்தான், இவருக்குத் தண்டனை குடுங்க, வேண்டாம்னு சொல்லல. அந்தத் தொப்பி மட்டும் வேண்டாம். வேற ஒண்ணுக்கு ரோஸ் துணி கட்டிக்கூட மாட்டி விடுங்க."

பெரியவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "ஏன், அந்தத் தொப்பிக்கு என்ன?"

"அது அடி வாங்கினது. இடிக்கிற இடத்துக்கு ஆகாது."

"தொப்பின்னா அடி வாங்கத்தான்மா. அடியே வாங்கக்கூடாதுன்னா ஷோகேஸ்ல வெச்சுக் கும்பிடு." அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தான். "என்னம்மா, நான் சொல்றது?"

மாமியார் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "என் மூத்த பிள்ளை தலையெடுக்கலேன்னா இந்த வீடு என்னிக்கோ தெருவுல நின்னிருக்கும். சின்னவனுக்குத்தான் இரக்கம் பொத்துக்கிட்டு வருது. யாரோ சித்தாளுக்குத் தலையைக் குடுத்துட்டு நின்னானாம். இவ அதுக்கு வக்காலத்து."

"அம்மா, விடு" என்றான் சின்னவன்.

"நீ பேசாதேடா, மகாராணி."

பெரியவன் வாய்விட்டுச் சிரித்தான். மாமியாருக்குத் தன் நகைச்சுவை தனக்கே பிடித்துப்போய் இன்னொரு முறை சொன்னாள். பெரிய மருமகள் எல்லாருக்கும் சமமாகப் பரிமாறினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த தட்டுப் போல இருந்தது.

"உன் வீட்டுக்காரர் தலை ரொம்ப அருமையான தலை போலிருக்கு" என்று பெரியவன் எழுந்து கை கழுவப் போகும்போது சொன்னான். "உள்ளே ஒண்ணும் இல்லேங்கற விஷயம் உனக்கு இன்னும் தெரியாது பாவம்."

*

மூடிப்போன ஒரு பழைய ஆலையைத்தான் அந்த மாதம் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர் என்பது அதன் வாசல் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகை. அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று சின்ன மருமகளின் இடுப்பில். மற்றொன்று வீட்டில், பெரிய மருமகளின் கொத்தில்.

காலையில் ஸ்டோர் ஜன்னல் முன்னால் வரிசை நிற்கும். வந்தவனின் தலையை அவள் பார்க்க மாட்டாள். "இன்னிக்கு உனக்கு எங்க வேலை?" என்றுதான் கேட்பாள். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும், தலைக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிடும் என்பாள். ஆட்கள் அதை வைத்துக் கேலி செய்வார்கள்.

"ஸ்டோரம்மா, எனக்குக் கூரையில்லாத இடத்துல வேலை. தொப்பியே வேண்டாம்ல?"

"மேல பறவை பறக்கும். பிடி."

எலக்ட்ரீஷியன் வழக்கம்போல முணுமுணுத்தான். "தலை வேகுது. காத்து ஓட்டை வெச்சதா ஒண்ணு குடுங்கம்மா."

"காத்து வர்ற ஓட்டையில கரண்டும் வரும். உனக்கு ஓட்டையில்லாததுதான்."

உயரத்தில் ஏறுகிறவர்களுக்குத் தாடைக்கடியில் மாட்டும் வார் உள்ளது. குனிந்து தவழ்ந்து குழாய்ப் பாதைக்குள் போகிறவனுக்கு இலேசான சின்னத் தொப்பி. "இது தலை முட்டிக்காம இருக்க மட்டும்தான். இதோட வெளியில வந்து இடிக்கிற இடத்துல நின்னே, தொலைச்சிடுவேன்" என்று சொல்லித்தான் கொடுப்பாள். ஒவ்வொன்றையும் கொடுப்பதற்கு முன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திக் காதருகே பிடிப்பாள். நல்லது சத்தம் போடாது. உள்ளே தலையைத் தாங்கும் பட்டையை இழுத்துப் பார்ப்பாள். தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே விரல் புகுமளவு இடம் இருக்கிறதா என்று பார்ப்பாள். அந்த இடைவெளியில்தான் உயிர் இருக்கிறது என்பது அவள் நம்பிக்கை. பிறகு மனசுக்குள் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டு நீட்டுவாள். அந்த வேண்டுதல் ஒருவருக்கும் தெரியாது.

சித்தாள் பெண் சின்னவனின் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இதை வாங்கிக்கோங்கம்மா. என்னாலதான் சின்ன முதலாளிக்கு அவமானம்."

"தலையில போடு. கையில வெச்சிருக்கவா குடுத்தாரு?"

"அவருக்கு?"

"அவருக்கு நான் இருக்கேன்."

அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கென்று மேல் அலமாரியில் புத்தம் புதிய ஹெல்மெட்டுகளை அடுக்கி வைத்திருந்தான் பெரியவன். அவற்றை எடுக்கக்கூடாது என்று உத்தரவு. சின்ன மருமகள் ஒன்றை எடுத்து உறையை மாட்டி இழுத்துக் கட்டினாள். கண் வரைந்தாள். இமைமயிரும் வரைந்தாள். வரையும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவு அசிங்கமான ஒன்றை இவ்வளவு ஆசையாக அவள் செய்ததே இல்லை.

பிறகு கையுறை மாட்டிக்கொண்டு அசல் மகாராணியை ஆணியிலிருந்து எடுத்தாள். கையுறையெல்லாம் ரோஸ் பொருக்கு.

சுவரில் ரம்பம் தொங்கியது.

அவள் ரம்பத்தை எடுத்தாள். எடுத்ததை நான் ஒளிக்கப் போவதில்லை, வைத்ததையும் ஒளிக்கப் போவதில்லை. பல்லை ஹெல்மெட்டின் உச்சியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும். வெளியே பெரியவனின் குரல் கேட்டது. "மகாராணி புறப்பட்டாச்சா?" என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தான். நாளை இன்னொருவனுக்குத் தண்டனை என்று வந்து இதைக் கேட்பான், அறுத்துவிட்டேன் என்றால் அவள் புருஷனுக்கு வீட்டில் சோறு இருக்காது.

ரம்பத்தை ஆணியில் மாட்டினாள். ஹெல்மெட்டைக் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் தள்ளினாள். இன்றைக்கு ஒரு தலை தப்பித்தால் போதும் என்று நினைத்தாள்.

*

சின்னவன் ரோஸ் தலையோடு வெளியே வந்ததும் ஆலை முழுக்கச் சிரிப்பு.

"மகாராணி வர்றாங்க, வழி விடுங்கப்பா!"

"பல்லக்கு எங்கேடா?"

பெரியவன் போனில் படம் எடுத்தான். "சிரி. இன்னும் கொஞ்சம் வெட்கப்படு. அப்படித்தான்!" படத்தை வீட்டுக் குழுவில் போட்டான். அம்மாவிடமிருந்து உடனே சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அதையும் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

சிரிக்காதவர் ஒருவர்தான். கேஸ் வைத்து இரும்பு வெட்டுகிற ஆள். வேலை செய்யும்போது எப்போதும் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பதால் அவரைப் பாட்டுக்காரர் என்பார்கள். அவர் சின்னவன் அருகில் வந்து உறையைத் தொட்டுப் பார்த்தார். துணி. ஸ்டோர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். தலையை மட்டும் மெல்ல அசைத்துவிட்டு ஏணியில் ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து பாட்டுக் கேட்டது.

பாட்டைக் கேட்ட பிறகுதான் சின்ன மருமகள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

மதியம் பெரிய மருமகள் வழக்கம்போல எல்லாருக்கும் சாப்பாடு கொண்டுவந்தாள். சின்னவள் ஸ்டோரைப் பூட்டிவிட்டு, கிழிந்த கையுறைகளை மாற்றிக் கொடுக்கப் பின்பக்கத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது, பாட்டுக்காரர் மேலே வெட்டிக்கொண்டிருந்த பெரிய கூரைக் கொட்டகை முன்னால் கூட்டம் நின்றது.

நடுவில் பெரியவன். ஒரு கையில் தம்பியின் தலையிலிருந்து பிடுங்கிய ஹெல்மெட், உறை பாதி கழன்று தொங்கியது. மறு கையில் மகாராணி.

அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது.

"வாம்மா வா! தையல்காரம்மா வந்தாச்சு" என்றான் பெரியவன். "எல்லாரும் பாருங்க. அதிகாரிங்களுக்கு வெச்ச புதுச் சரக்கு. திருடி, அதுக்குப் பாவாடை தைச்சுப் போட்டிருக்கா."

"அத்தான், தப்புதான். நான்தான் செஞ்சேன். இவருக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றான் சின்னவன். "தெரிஞ்சுதான் போட்டேன் அண்ணா."

"அடடா, என்ன ஜோடி!" பெரியவன் உறையைக் கிழித்து அவள் காலடியில் எறிந்தான். "ஏம்மா, என் தொப்பி செத்துப்போச்சாமே? முட்டை ஓடாமே?"

முட்டை ஓடு. அந்த வார்த்தையை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். ஆனால் அதை நினைத்துப் பார்க்க அப்போது நேரம் இல்லை. பெரியவன் மகாராணியைத் தன் தலையில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"பாருங்கடா! உடையுதா?" ஒரு ஸ்பேனரை எடுத்துத் தலையில் தட்டினான். ரோஸ் பொருக்கு தோளில் உதிர்ந்தது. ஆட்களில் சிலர் சிரித்தார்கள், சிரிக்க வேண்டுமே என்று.

"அத்தான், என்னை அடிங்க, திட்டுங்க, வீட்டை விட்டு அனுப்புங்க. அதை மட்டும் கழட்டிடுங்க."

"கழட்டணுமா?" அவன் கொட்டகையைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைத் தூக்கினான். மேலே வெட்டு வேலை நடக்கும்போது யாரும் தாண்டக்கூடாத கயிறு. குனிந்து உள்ளே போனான். நட்ட நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தான். "யோவ் பாட்டு! ஏன் நிறுத்திட்டே? வெட்டு!"

மேலே நெருப்பு அணைந்திருந்தது. "ஆள் கீழே நிக்கறப்போ வெட்ட மாட்டேன் முதலாளி. வெளியில போங்க. பாதி அறுத்தது இருக்கு."

"பயந்தாங்கொள்ளி! நாளையிலேருந்து மகாராணி நீதான்!"

சின்ன மருமகள் கயிற்றுக்குள் ஓடினாள். ஓடிக்கொண்டே தன் ஹெல்மெட்டைக் கழற்றினாள். இந்த மனிதன் மேல் அவளுக்கு எந்தப் பாசமும் இல்லை. வெறுப்புக்கூட இருந்தது. ஆனால் தலை என்பது தலைதான், அது யாருடைய தோள்மேல் இருந்தாலும். அப்படித்தான் அவள் கால்களுக்குத் தோன்றியது.

"இதைப் போட்டுக்கோங்க அத்தான், கையெடுத்துக் கும்பிடறேன்."

அவன் புறங்கையால் தட்டிவிட்டான். வெள்ளை ஹெல்மெட் உருண்டு போனது. சின்னவன் பாய்ந்து வந்து அவளை இடுப்போடு பிடித்து வெளியே இழுத்தான்.

விழுந்தது பெரிய உத்திரம் ஒன்றும் அல்ல. கைக்குள் அடங்குகிற ஒரு இரும்புக் கொக்கி. பாட்டுக்காரர் பாதி அறுத்து விட்டிருந்தது, சூடு ஆறியபோது தானாக விட்டுக்கொண்டது. ஒழுங்கான ஹெல்மெட் என்றால் கழுத்து வலியோடும் கெட்ட வார்த்தையோடும் போயிருக்கும்.

மகாராணி இரண்டாகப் பிளந்தது. வரைந்த கண் ஒன்று ஒரு பக்கம், மற்றது மறு பக்கம். சத்தம்கூட அதிகம் இல்லை.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னவர்களைத் திட்டினாள். உள்ளே ஆபரேஷன் நடந்தது.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் சின்ன மருமகளிடம். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அந்தத் தொப்பி ஆகாதுன்னு தெரிஞ்சிருக்கு. உன் புருஷனுக்குப் புதுசு. என் பிள்ளைக்கு முட்டை ஓடு."

"காலையிலேயே சொன்னேன் அத்தை."

"சொன்னே. அடி வாங்கினதை அறுத்துப் போடணும்னு ஆளுங்ககிட்ட நீயே சொல்வியாமே? ரம்பம் உன் கைக்கு எட்டாத இடத்துலயா இருந்தது? ஏண்டி அறுக்கல?"

இந்தக் கிழவி வாழ்நாளில் அவளிடம் கேட்ட நியாயமான கேள்வி அது ஒன்றுதான். அது நேராகப் போய்த் தைத்தது. சின்னவன் மனைவியைப் பார்த்தான். அவன் கண்ணிலும் அதே கேள்வி மெல்ல எட்டிப் பார்த்தது. பிறகு வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"ஒளிச்சு வெச்சதை எடுத்து அவன் கையில குடுத்தது யாரு? தானா நடந்து வந்துச்சா?" மாமியார் கிட்டே வந்தாள். "அதைத் தொட்டா கையில ஒட்டும். போன வாரம் மேஜை விரிப்புலேருந்து தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தவ நான். கையைக் காட்டு."

"அம்மா..."

"கையைக் காட்டச் சொல்லு உன் பொண்டாட்டியை."

சின்ன மருமகள் இரண்டு கையையும் நீட்டினாள். உள்ளங்கை, புறங்கை, நகம். மாமியார் ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன. கிழவி கையை உதறிவிட்டு மறுபடி கதவருகே போய் நின்றாள்.

பாட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தார். அழுது அழுது அவர் முகம் வீங்கியிருந்தது. "குடிங்கம்மா" என்று சின்னவளிடம் நீட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வராந்தாவின் கோடி பெஞ்சில் பெரிய மருமகள் தனியாக இருந்தாள். வந்ததிலிருந்து அவள் கைகள் அக்குளுக்குள் கட்டியே இருந்தன. குளிரில் இருப்பவளைப் போல. அழவில்லை. ஒருவரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

சின்னவள் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பெரிய மருமகள் வாங்கவில்லை.

"அக்கா, ஒரு வாய் குடிங்க."

கட்டியிருந்த கையை மெல்லப் பிரித்துப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் பார்த்தாள்.

நகக்கண்ணெல்லாம் ரோஸ்.

கொத்தில் இருந்த சாவி. கயிற்றுச் சுருள். முட்டை ஓடு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. பெரிய மருமகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பிக்கப் பார்க்கிற பார்வை அல்ல.

"உன்னைக் காட்டிக் குடுக்கத்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றாள், உதடு அசையாமல். "உன் புருஷன் மட்டும் தப்பிக்கிறானேன்னு. அவ்வளவுதான் நினைச்சேன். ஆனா அவர் அதைத் தலையில மாட்டினப்போ..."

நிறுத்திக்கொண்டாள்.

"மாட்டினப்போ?"

"நான் கத்தியிருக்கலாம். நீ கத்தினே. நான் கத்தல."

சின்ன மருமகளுக்குள் ஒரு குரல், எழுந்து நில் என்றது. அதோ அந்தக் கிழவியைக் கூப்பிட்டு, இதோ இந்தக் கையைப் பாருங்கள் என்று சொல் என்றது. அப்படிச் சொன்னால் தன் தலை தப்பும். ஆனால் ஒரு தலை மட்டும் தப்பினால் போதும் என்று இன்று காலை அவள் ஏற்கெனவே ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டாள்.

வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தாள். பாட்டில் தண்ணீரில் நுனியை நனைத்தாள். ஓரகத்தியின் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகமாகத் துடைக்க ஆரம்பித்தாள். காய்ந்த பொருக்கைக் கைக்குட்டை நுனியால் கிளறிக் கிளறி எடுத்தாள். குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரி, வலிக்காமல்.

பெரிய மருமகள் அப்போதுதான் அழுதாள்.

கதவு திறந்தது. நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"அவரோட சம்சாரம் யாரு? உள்ள வாங்க. நீங்க மட்டும்."

பெரிய மருமகள் எழுந்தாள். சுத்தமான கைகளோடு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்த சின்ன மருமகள், தன் மேல் நிழல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தாள். மாமியார் எதிரில் நின்றாள். அவள் கண் மருமகளின் முகத்தில் இல்லை. மடியில் இருந்தது.

கைக்குட்டை விரிந்து கிடந்தது. வெள்ளையெல்லாம் ரோஸ்.

"யாருதுடி அது?" என்றாள் கிழவி.

சின்ன மருமகள் கைக்குட்டையை மெதுவாக நான்காக மடித்தாள்.

"என்னுதுதான் அத்தை" என்றாள்.